ஆறு வரை போன அந்தூரியம்

கல்யாணமாகாத மூன்று ஆண்களுக்குச் சிங்காநல்லூரில் வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. கோவர்த்தனனுக்கும் மயில்சாமிக்கும் ஆரோக்கியத்துக்கும் கிடைத்தது. மூன்று முகத்திலும் கள்ளம் கபடம் தெரியவில்லை என்று வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுத்துவிட்டார். வேறு எதுவும்கூடத் தெரியவில்லை என்பதை அவர் கவனித்திருக்கலாம்.

மகள் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, உயிராய் வளர்த்த அந்தூரியம் தொட்டியை இவர்கள் கூடத்தில் வைத்தார். "இது வெயிலு ஆகாத செடி, வீட்டுக்குள்ளயே இருக்கோணும். ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க வேற வீடு பாத்துக்குங்க சாமி" என்று அன்பாகத்தான் சொன்னார்.

இரண்டே வாரத்தில் இலைகள் மஞ்சளடித்தன. கோவர்த்தனனுக்குச் சோறு இறங்கவில்லை. நர்சரிக்குப் போன் போட்டான்.

"தண்ணி ஊத்துங்க தம்பி. தொட்டிக்கு அடியில வடியற தண்ணியக் கொண்டாங்க, புளிப்பு மீட்டர் வெச்சுப் பாக்கலாம்" என்றார் நர்சரிக்காரர்.

மயில்சாமி ஒரு பாட்டிலில் பிடித்து மூடினான். கோவர்த்தனன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இது வடிஞ்ச தண்ணிடா. அவரு கேட்டது வடியற தண்ணி."

நியாயம்தான். ஆரோக்கியம் ஆணியைக் காய்ச்சி பாட்டில் அடியில் ஓட்டை போட்டான். வழி நெடுக வடிந்துகொண்டே போன தண்ணீரில், மீட்டர் முனை நனைகிற அளவு மிச்சமிருந்தது. மீட்டர் நாலரை காட்டியது. மண்ணில் புளிப்பு ஏறிவிட்டது; ஆறு காட்டினால் செடி பிழைக்கும். நர்சரிக்காரர் பாட்டிலின் ஓட்டையைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார். வாயால் சொன்னால் வேலைக்காகாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

"வடிநீர் நாலரை. புளிப்பு அதிகம். காரம் சேர்த்து, மெதுவாக ஆறு வரை கொண்டு போகவும்."

அவர் மனதில் இருந்தது ஒரு சிட்டிகை சுண்ணாம்பு. பாவம், அதை மட்டும் எழுதவில்லை.

வீட்டில் ஆலோசனை தொடங்கியது.

"காரம்னா வரமிளகாயா, பச்சை மிளகாயா?" என்றான் மயில்சாமி.

"மண்ணுக்குப் பொடிதான் ஒட்டும்" என்றான் ஆரோக்கியம். "உப்பு?"

கோவர்த்தனன் பத்தாம் வகுப்பு அறிவியலை மூன்று முறை படித்தவன். மற்றவர்கள் ஒரு தடவையோடு பாஸாகிவிட்டார்கள். "புளிப்பும் காரமும் சேர்ந்தா உப்பு தானா வந்துரும். புத்தகத்துலயே இருக்குது" என்றான். ஆரோக்கியம் எடுத்த உப்பைத் திரும்ப வைத்தான்.

மூன்று கரண்டி மிளகாய்ப்பொடி உள்ளே போனது. மண் தும்மவில்லை, மயில்சாமி தும்மினான்.

மறுநாள் சாயங்காலம் சரியாக நாலரைக்கு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு நொய்யல் ஆற்றுக்குக் கிளம்பினார்கள். 'மெதுவாக' என்று எழுதியிருந்ததால் ஒன்றரை மைல் போக இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு நத்தை முந்திப் போனதாக ஆரோக்கியம் இன்றைக்கும் சாதிக்கிறான்.

கரையில் தொட்டியை இறக்கியதும் மயில்சாமி கேட்டான்: "எப்படா திரும்பறது?"

கோவர்த்தனன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கொண்டு போகவும்னுதான் இருக்குது. கொண்டு வரவும்னு இல்லியே."

"அப்ப இங்கயேவா? வீட்டுக்குள்ள இருக்கற செடியாச்சேடா!"

கோவர்த்தனன் கண்ணை மூடி யோசித்தான். "வீட்டுக்குள்ளன்னா என்ன? வாசக்கதவுக்கு உள்பக்கம். அவ்வளவுதானே?"

வீட்டுக்கு ஓடி, வாசற்கதவை நிலையோடு பெயர்த்தார்கள். பெயர்க்கும் முன் மறக்காமல் பூட்டினார்கள். திறந்த கதவை நம்பித் தெருவில் எப்படிக் கொண்டு போவது? ஆற்றங்கரையில் நட்டு, அதற்குப் பின்னால் செடியை வைத்து, மூவரும் காவலுக்கு உட்கார்ந்தார்கள். கோவர்த்தனன் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் வந்திறங்கிய வீட்டுக்கார அம்மா, வாசல் இருந்த இடத்தில் ஓட்டையைப் பார்த்தார். அக்கம்பக்கத்தார் கை காட்டிய திசையில் ஆட்டோவை விட்டார். கரையில் தனியாக நின்ற கதவையும், அதன் பின்னே தலை தொங்கிய அந்தூரியத்தையும் கண்டதும் பதறி, கதவைப் படபடவென்று தட்டினார்.

"அடப் பாவிகளா! என்ர செடியக் கொன்னுட்டீங்களேடா! வெளிய வாங்கடா மொதல்ல! இப்பவே வீட்டக் காலி பண்ணுங்க!"

மூவரும் பயந்து எழுந்தார்கள். கோவர்த்தனன் கதவை இழுத்தான். அசையவில்லை.

"வந்தர்றமுங்கம்மா" என்றான் உள்ளிருந்து, அழாத குறையாக. "ஆனா பூட்டியிருக்குதுங்க. சாவி அந்த வீட்டுல இருக்குது."

"எங்கடா வெச்சீங்க?"

"அடுப்படி அலமாரியிலங்க, மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்துல."

"அங்கயே இருங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஆட்டோவைத் திருப்பச் சொன்னார்.