வேப்பமரத்துக்கு நூறு காவல்

படுத்தாச்சா? காலை ஆட்டாதே, கட்டில் கிறீச் கிறீச்சுங்குது. காவல் மரம்னா என்னன்னு சோறு திங்கிறப்ப கேட்டியே, இப்ப சொல்றேன். நடுவுல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா பெரியம்மா எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு ராசா. அந்தக் காலத்து ராசாவுங்களுக்கு ஒரு வழக்கம். ஆளுக்கொரு மரத்தை வச்சுக்கிட்டு, இதுதான் நம்ம நாட்டைக் காக்குது, இது காவல் மரம்னு சொல்லிக்குவாங்க. யாராவது அதை வெட்டிட்டா ராசா தோத்தான்னு அர்த்தம். வெட்டுனவங்க முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும். இந்த ராசாவோட மரம் ஏரிக்கரை ஓரத்துல நின்ன ஒரு வேம்பு. நாட்டைக் காக்குற மரத்தைக் காக்குறதுக்கு நூறு ஆளு! சிரிக்காதடி, நெசமாத்தான்.

"ம்."

அந்த ஏரிக்கு மடை திறந்து மூடுறவ பேரு நாச்சி. ஏரிக்குக் கீழதான் ஊரு. அங்க அவ மக, பிள்ளை பெத்து ஒன்பதே நாளு, பச்ச ஒடம்போட படுத்திருக்கா. கார்த்திகை மாசம், மழை சோன்னு ஊத்துது. கரையில ஒரு இடத்துல தண்ணி கசியுது. நாச்சி அதைப் பாத்துட்டா. ஓடுனா ராசாகிட்ட.

"சாமி, கரை கசியுது. மண்ணு கொட்டப் பத்து ஆளு குடுங்க."

"ஆளெல்லாம் மரத்துக்குக் காவல் நிக்கிறான், போ."

அப்புறம் மறுநாளும் ஓடுனா. "சாமி, ஓட்டைக்குள்ள கை போகுது. முட்டுக் குடுக்க நாலு கட்டையாச்சும் குடுங்க."

"இருந்த கட்டையெல்லாம் மரத்துக்கு வேலி போட்டாச்சு, போ."

மூணாம் நாளு, "கரை உடையப் போகுது சாமி, வந்து பாருங்க!"ன்னு கத்துனா. அந்த மகராசன் என்ன கேட்டான் தெரியுமா? "ஐயோ, மரம் நனையுதா?"ன்னான். குடை பிடிக்க இன்னும் இருபது பேரை அனுப்புனான். வெளங்குமா அந்த நாடு?

எதிரி வந்தானான்னு கேக்குறியா? அவன் எங்க வருவான்? அவன் ஊர்ல அவன் மரத்தைச் சுத்தி அவன் உக்காந்திருந்தான்.

"ம்..."

அப்போ கரை பொளக்குன்னு வாயைத் தொறந்துச்சு. நாச்சி கோடாலியைத் தூக்கிக்கிட்டு மரத்துக்கு ஓடுனா. காவக்காரனுங்க ஈட்டியை நீட்டுனாங்க.

"குத்துங்கடா! உங்க வீடும் ஏரிக்குக் கீழதானடா இருக்கு? குத்திட்டுப் போயி உங்க பிள்ளைகளை வெள்ளத்துல தேடுங்க!"

காவக்காரனுங்க ஊர்ப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தன் ஈட்டியைக் கீழ போட்டான். அப்புறம் பத்துப் பேரு. அப்புறம் எல்லாரும். டொக்! டொக்! டொக்! மடமடன்னு சாஞ்சுச்சு வேம்பு. நூத்தியிருபது பேரும் அதை உருட்டிட்டுப் போயி உடைப்புல குறுக்க போட்டாங்க. வேலிக் கட்டையைப் புடுங்கி முட்டுக் குடுத்தாங்க, வைக்கோலும் மண்ணும் திணிச்சாங்க. குடையைக்கூட விடல, அதையும் வச்சுத் திணிச்சாங்க. தண்ணி நின்னுருச்சு.

மழை விட்டதும் ராசா பல்லக்குல வந்து எறங்குனான். "என் காவல் மரத்தை வெட்டுன எதிரி எவன்?"

"நாந்தான் சாமி. வெட்டுனவங்க முன்னாடி ராசா தலைகுனியணும்னு வழக்கமாமே? குனிங்க."

ராசா சுத்திப் பாத்தான். நூத்தியிருபது பேரும் சேத்துக் கையோட நின்னு அவனையே பாத்தாங்க. அவன் பாட்டன் போட்ட வழக்கம், இல்லேன்னு சொல்ல முடியுமா? குனிஞ்சான். கிரீடம் சேத்துல பொத்துன்னு விழுந்துச்சு. எடுத்துக் குடுக்க ஒருத்தனும் குனியல.

நாச்சி பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட நேரமாச்சுன்னு போயிட்டா. அந்த ஊர் சனங்க, கரைக்குள்ள கெடக்குற அந்த வேம்பைத்தான் அன்னையில இருந்து காவல் மரம்னு கூப்பிட்டாங்க. ராசா? அவன் அடிக்கட்டைக்குக் காவல் போட ஆளு தேடிக்கிட்டு இருந்தான். ஒருத்தனும் வரல. கடைசியில அவனே ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

என்னடி, "ம்"மைக் காணோம்? கதை கரை சேந்துருச்சு, கண்ணை மூடு.