நீர்மோரும் ஜமீன்தாரின் விரதமும்

ஜமீன்தார் மகன் கல்யாணத்தில் சாப்பிட்ட ஊர், மறுநாள் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டது. கத்தரிக்காய் என்றார் ஒருவர், பாயசம் என்றார் இன்னொருவர், கண்ணேறு என்றார் பூசாரி. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க, ஊரே குழம்பிக் கிடந்தது.

ஜமீன்தாருக்கு மட்டும் குழப்பமில்லை. பந்தியில் பரிமாறிய இசக்கியம்மாளை வரச்சொன்னார்.

"உன் கைதான் காரணம். இல்லையென்றால், எதில் நோய் வந்ததென்று சாயங்காலத்துக்குள் சொல். சொல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போ!"

நோயாளிகளைக் கேட்டால் எல்லாவற்றையும் சாப்பிட்டோம் என்றார்கள். அவளுக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், நோய் வராதவர்களைத் தேடிப் போய், "எதைச் சாப்பிடாமல் விட்டீர்கள்?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: நீர்மோர்.

சாயங்காலம் சபையில் சொன்னாள்: "மற்றதெல்லாம் அடுப்பில் கொதித்தது ஐயா. மோரில்தான் உங்கள் புதுக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் கலந்தோம்."

"என் கிணற்றிலா குறை?" என்று ஜமீன்தார் கர்ஜித்தார்.

அவள் அந்தத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினாள். "குறை இருக்காதுதான். ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள், ஐயா. ஊர்க் குழப்பம் தீரட்டும்."

ஜமீன்தார் செம்பைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்று எனக்கு விரதம்" என்றார்.

"அப்படியானால், ஊரும் உங்களோடு விரதம் இருக்கட்டும். கிணற்றை மூடிவிடலாமா, ஐயா?"