பிச்சிப்பூவுக்கு முடி கொட்டின கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னாலே தாழையூர்ச் சீமையைக் கனகராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். மனசு தங்கம்தான், ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் நினைத்ததுதான். அவன் செல்லமாக வளர்த்த வெள்ளைப் பூனைக்குப் பிச்சிப்பூ என்று பேர். சபைக்கு யார் வந்தாலும் முதலில் பிச்சிப்பூவைத் தடவிக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் ராஜாவைக் கும்பிட வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், சேனாதிபதிகூட வாளை இடுக்கிக்கொண்டு குனிந்து பூனையைத் தடவிவிட்டுத்தான் நிமிர்வார்.

சபையில் மருதப்பர் என்று ஒரு பிரபு இருந்தார். மந்திரி குழைக்காதரின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். ராஜாவைக் குளிர்விக்க ஒரு சாடி நிறைய வாசனைப் புனுகு கொண்டுவந்து, "அரண்மனைப் பூனையை வெறுங்கையால் தொடலாமா? இதைக் கையில் பூசிக்கொண்டு தொடுவதல்லவா மரியாதை" என்றார். ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றையிலிருந்து ராஜா உட்பட எல்லார் கையிலும் புனுகு மணத்தது.

கொஞ்ச நாள் போயிற்று. ஒருநாள் காலையில் ராஜா பூனையை மடியில் தூக்கிப் புரட்டினான். பகீரென்றது அவனுக்கு. விலாவிலும் வயிற்றிலும் ஒரு முடி இல்லை, வெறும் தோல், ரோஜா நிறத்தில் பளபளக்கிறது.

"பூனையைப் பார்த்துக்கொள்கிற அங்கம்மாளைக் கேளுங்கள்" என்று மருதப்பர் எடுத்துக் கொடுத்தார். "முடியைப் பிடுங்கி மாந்திரீக மை காய்ச்சுகிறாளாம். மந்திரிதானே அவளை வேலைக்குச் சேர்த்தவர்."

ராஜா கிரீடத்தைத் தொட்டான். "இதற்குக் காரணம் யாராக இருந்தாலும் சரி, தலையை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி ஊர்கோலம் விடுவேன். என் கிரீடத்தின்மேல் சத்தியம். மந்திரியாரே, நாளைக்குள் வேறு ஆளைக் காட்டும். இல்லையென்றால் ஏறப்போவது அங்கம்மாள்தான்."

அங்கம்மாள் மந்திரியின் பின்னாலேயே ஓடிவந்தாள். "என் தலைமயிர் போனால் போகட்டும் சாமி. தையிலே மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். மாந்திரீகக்காரி மகள் என்று பேர் வந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என் வாசல்படி மிதிப்பார்களா?"

குழைக்காதர் அவளை அனுப்பிவிட்டுப் பூனையின் பின்னாலேயே போனார். அது நெல் குதிருக்கு அடியில் புகுந்துகொண்டு நக்க ஆரம்பித்தது. நக்கு நக்கென்று நக்கி, பல்லால் முடியைக் கடித்து இழுத்துத் துப்பியது, மறுபடியும் நக்கியது. முடியைப் பிடுங்குவது பூனையேதான். எதற்கு இப்படித் தன்னையே உரித்துக்கொள்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. மெல்லத் தூக்கி முகர்ந்து பார்த்தார். புனுகு. தன் உள்ளங்கையை முகர்ந்தார். அதே புனுகு.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பாவத்தில் தன் கையும் உண்டு. அதைவிட மோசம், தினமும் முதலில் தடவுகிற கை ராஜாவுடையது. அதை எந்த வாயால் சொல்வது என்று கலங்கிப்போனார்.

மறுநாள் சபை வாசலில் ஒரு சட்டி மீன் எண்ணெய் இருந்தது. "ராஜ காரியம்" என்று சொல்லி, மந்திரி எல்லார் கையையும் அதில் நனைக்கவைத்தார். பிறகு உள்ளே போய், "பிரபுவே, குற்றவாளியைக் காட்டுகிறேன். அதற்கு முன்னால் சபையோர் மகாராஜாவின் வலக்கையைத் தடவிக் கும்பிட வேண்டும். நான் சொல்லும்வரை தாங்கள் எழுந்திருக்கக் கூடாது" என்றார். மரியாதை என்றால் வேண்டாம் என்பானா கனகராயன்? சரி என்று வாக்குக் கொடுத்துக் கையை நீட்டினான்.

ஒவ்வொருவராக வந்து தடவினார்கள். ராஜாவின் மூக்கு சுளித்தது. "என்ன கண்றாவி இது?" சால்வையால் துடைத்தான், போகவில்லை. எழுந்து போய்க் கழுவலாமென்றால் வாக்குக் குறுக்கே நின்றது. அழுத்தித் தேய்த்தான், நகத்தால் சுரண்டினான், கடைசியில் ஆசனத்தின் விளிம்பில் வைத்து உரசினான்.

"போதும் பிரபுவே. கையைப் பாருங்கள்" என்றார் மந்திரி.

ராஜா பார்த்தான். தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது, கைமுடியெல்லாம் சால்வையில் ஒட்டியிருந்தது.

"புனுகு எங்கிருந்து வருகிறது? புனுகுப் பூனையின் உடம்பிலிருந்து. வேற்று மிருகத்தின் வாடையை நாமெல்லாம் தினமும் பிச்சிப்பூவின்மேல் பூசுகிறோம். தங்களுக்காவது சால்வை இருந்தது. அந்த வாயில்லாத ஜீவனுக்கு நாக்கு ஒன்றுதானே இருக்கிறது?"

எல்லார் கண்ணும் மருதப்பர்மேல் திரும்பியது. அவர் பதறிப்போய், "நான் வாசனை கொடுத்தேன், அவ்வளவுதான். தடவச் சொல்லிச் சட்டம் போட்டது யார்..." என்று ஆரம்பித்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கனகராயன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தான். "நாவிதனைக் கூப்பிடுங்கள். கழுதை ஒன்று போதாது, மருதப்பருக்கும் சேர்த்து இரண்டாக ஓட்டிவரச் சொல்லுங்கள்" என்றான்.

தாழையூர் அன்றைக்குப் பார்த்ததை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மொட்டைத் தலையோடு ராஜா முன்னால் போக, முக்காடு போட்டுக்கொண்டு மருதப்பர் பின்னால் போனார். அங்கம்மாளின் சம்பந்தி வீட்டு வாசலில் ராஜா கழுதையை நிறுத்தினான். வீட்டுக்காரர் வெலவெலத்துப்போய் ஓடிவந்தார்.

"பூனை முடி கொட்டினதற்குக் காரணம் நான்தான், ஐயா. என் மண்டையே சாட்சி. உங்கள் சம்பந்தியம்மாள்மேல் ஒரு குற்றமும் கிடையாது. கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள்" என்றான் ராஜா.

அரண்மனைக்குத் திரும்பியதும் அந்தச் சால்வையையே மந்திரிக்குப் போர்த்தி, அவர் ஆசனத்தைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். மீன் வாடையைப் பொறுத்துக்கொண்டு குழைக்காதர் கும்பிட்டார்.

தை பிறந்தது, கல்யாணமும் நடந்தது. வெறும் தண்ணீரில் கை கழுவிவிட்டு ராஜா பந்தியில் உட்கார்ந்தான். அவன் தலையிலும் பிச்சிப்பூவின் விலாவிலும் முடி ஒரே அளவுக்கு முளைத்திருந்தது.