ஆட்டுக்குள் போன ஆஸ்பத்திரி

தவளைக்குறிச்சி பூவராகனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்து பார்க்கிற வேலை. இருபத்தாறு வருஷம் சூளையில் செங்கல் சுமந்ததில், முதுகு அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் புது லாட்ஜ் கட்டிய சபாபதி முதலாளி வாசலுக்கு ஓர் ஆள் தேடினார். வெளியூர்க்காரர்கள் இங்கிலீஷில் வழி கேட்டால் சொல்ல வேண்டும். சம்பளத்தோடு ஒரு நாற்காலி, கைப்பிடி வைத்தது. பூவராகன் மூன்று தடவை போய் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்தான்.

அதனால்தான் ஐம்பத்திரண்டு வயதில் எஸ்தர் டீச்சரின் சாயங்கால வகுப்பில் சேர்ந்தான். கூடப் படித்தவர்கள் டீக்கடை தங்கப்பழம், சும்மா இருக்கும் சன்னாசி, ஆடு வளர்க்கும் அஞ்சலை. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அது எந்த நாளில் யாரிடம் இருக்கும் என்பதுதான் தெரியாது.

டீச்சர் ஊரிலுள்ள இடங்களின் பெயர்களை இங்கிலீஷில் அட்டைகளில் எழுதி, பசையும் கொடுத்தார்.

"அந்தந்த இடத்துல ஒட்டுங்க. போறப்ப வர்றப்ப பார்த்துப் படிங்க. அட்டை எங்க இருக்கோ அதுதான் அந்த இடம். மனசுல வச்சுக்கங்க."

சொல்லிவிட்டுத் தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டார். நல்ல மனுஷி. அந்தப் பத்து நாள்தான் அவர் செய்த பிழை.

மூன்றாம் நாள் காற்றடித்து, 'போலீஸ் ஸ்டேஷன்' அட்டை பறந்துபோய் சலூன் கதவில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஆண்கள் மூவரும் செருப்பை வெளியே விட்டு, கையைக் கட்டிக்கொண்டுதான் சவரத்துக்குப் போனார்கள். காணாமல்போன கோழியைப் பற்றி அஞ்சலை அங்கேதான் புகார் கொடுத்தாள். சலூன்காரர் கத்தரிக்கோலும் கையுமாக அங்க அடையாளமெல்லாம் கேட்டுக்கொண்டார்.

நாலாம் நாள், பசை காயாமல் கிடந்த 'பார்க்' அட்டைமேல் சன்னாசி தெரியாமல் சாய்ந்துவிட்டான்.

"ஏல சன்னாசி, இனி நீதாம்ல பார்க்கு" என்றான் தங்கப்பழம்.

"நான் வீட்டுக்குப் போகணுமே!"

"எந்த ஊர்லயாச்சும் பார்க்கு வீட்டுக்குப் போயிருக்கால?"

நியாயம்தானே. மற்ற மூவரும் சன்னாசியைச் சுற்றி உட்கார்ந்து கடலை தின்றார்கள். அவனும் ஒரு கடலை கேட்டான். பார்க்குக்கு வந்தவர்கள் தின்னலாம், பார்க் தின்னக் கூடாது என்று பூவராகன் பொறுமையாக எடுத்துச் சொன்னான். எட்டு மணிக்கு, "பார்க்கு மூடுற நேரமாச்சு" என்று சன்னாசியே கண்டுபிடித்ததால் தப்பித்தான்.

ஆறாம் நாள் நடந்ததுதான் பெரிய வில்லங்கம். அஞ்சலையின் கறுப்பு ஆடு பசை வாசனையில் மயங்கி, ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த 'ஹாஸ்பிடல்' அட்டையைத் தின்றுவிட்டது. மறுநாள் காலையில்தான் லாட்ஜ் வேலைக்கு முதலாளி வழி கேட்டு வைக்கும் பரீட்சை!

"வேற அட்டை எழுதி ஒட்டிருவோமா?" என்றான் பூவராகன்.

"அப்ப ஹாஸ்பிடல் ரெண்டாயிரும். கவர்மெண்டு நமக்குக் கொடுத்தது ஒண்ணுதான்" என்றான் தங்கப்பழம்.

"ஆட்டை அறுத்து அட்டையை எடுத்தா?" என்றான் சன்னாசி.

அஞ்சலை பொங்கிவிட்டாள். "ஹாஸ்பிடலை அறுப்பியால நீ? உள்ள எத்தனை நோயாளி படுத்திருக்கானோ!"

ஆட்டின் வயிறும் கொஞ்சம் உப்பித்தான் இருந்தது. தங்கப்பழம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி" என்றான்.

"மத்த இடமெல்லாம் நின்ன இடத்துலயே நிக்கும். இது மேயப் போயிருமே! எங்க இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல? கட்டிப் போடு அஞ்சலை" என்றான் பூவராகன்.

"கட்டிப் போட்டா? அவசரத்துக்கு ஒருத்தன் ஓடி வந்தா, ஹாஸ்பிடல் பூட்டிக் கிடக்குன்னுல்ல நினைப்பான்!"

கடைசியில் சன்னாசியை லாட்ஜ் மொட்டைமாடியில் ஏற்றி, ஆட்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொன்னார்கள்.

மறுநாள் முதலாளி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டார்.

"வேர் ஈஸ் த பேங்க்?"

"நியர் த பஸ் ஸ்டாண்ட், சார்."

"போஸ்ட் ஆபீஸ்?"

"பிஹைண்ட் த டெம்பிள், சார்."

"வேர் ஈஸ் த ஹாஸ்பிடல்?"

ஆடு இந்நேரம் எங்கே மேய்கிறதோ! நல்லவேளை, முதலாளிக்கு போன் வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பூவராகன் மாடியைப் பார்த்தான்.

"ஏல, ஹாஸ்பிடல் எங்க?"

"நடந்துக்கிட்டிருக்கு! மார்க்கெட்டைத் தாண்டிருச்சு... இரு, இரு... நின்னுட்டு! வாட்டர் டேங்குக்கு எதிர்த்தாப்ல, ஒரு சுவத்துல மிச்சப் பசையை நக்குது!"

முதலாளி போனை வைத்தார்.

"ஆப்போசிட் த வாட்டர் டேங்க், சார்!"

"சபாஷ்! அவசரப்படாம, நிதானமா யோசிச்சுச் சொல்ற பாரு. நீதான்யா எனக்கு ஆளு." லாட்ஜ் பெயர் போட்ட தாளில் வேலை உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பூவராகன் மெல்ல உட்கார்ந்தான். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முதுகு எதையோ நம்பிச் சாய்ந்தது. கண் கலங்கிவிட்டது. சன்னாசி மாடியிலிருந்து இறங்கினான்; அஞ்சலையும் தங்கப்பழமும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று பூவராகன் தாளை நீட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். ஆடும் பார்த்தது. கையெழுத்துவரை தின்று முடித்தது.



"வேலை போச்சே!" என்றான் பூவராகன்.

"எங்க போச்சு? உள்ளதான இருக்கு" என்றான் தங்கப்பழம். "லாட்ஜ்ல இருந்து ஆட்டுக்கு மாத்தியிருக்காங்க. அவ்வளவுதான்."

பத்து நாள் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிய எஸ்தர் டீச்சர், முதலில் பார்த்தது சபாபதி முதலாளியை. அவர் லாட்ஜ் வாசலில் புது ஆளையும் நாற்காலியையும் தேடிக்கொண்டிருந்தார். அடுத்து, மேய்ச்சல் காட்டுப் பக்கம் போகும் ஒரு கறுப்பு ஆட்டைப் பார்த்தார். பின்னாலேயே தலையில் நாற்காலியோடு பூவராகன். ஆடு நின்றால் நாற்காலியை இறக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆடு நடந்தால் மறுபடி தலைக்கு ஏற்றினான்.

"என்னண்ணே இது கோலம்?"

"டியூட்டி, டீச்சர்."

"நாள் பூரா இதைச் சுமந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"வலிக்கத்தான் செய்யுது டீச்சர்" என்றான் பூவராகன், ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே. "அதனால என்ன, ஹாஸ்பிடல் கூடவே வருதே!"