கித்தாருக்குக் கரகரப்பு வந்த விதம்

அந்தக் காலத்தில் வாய் இருந்ததெல்லாம் பேசியது. சுரைக்காய் பேசியது, சிலந்தி பேசியது, வாத்தியங்கள் வாசிக்காத நேரத்திலும் பேசிக்கொண்டிருந்தன. மனிதர்களும் காது கொடுத்தார்கள். கை வேலையாக இருந்தால் மட்டும், "இரு, அப்புறம் சொல்லு" என்பார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் செம்மண்ணும் கம்பங்கொல்லையுமாக ஓர் ஊர். அந்த ஊரின் பாட்டெல்லாம் பலாஃபோனிடம் இருந்தது. மரச்சட்டங்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுரைக்குடுக்கை தொங்கவிட்ட வாத்தியம் அது. குடுக்கையில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையை மூடி, சிலந்தி தன் முட்டைகளைப் பொதிந்துவைக்கும் வெள்ளைப் பட்டு. சட்டத்தைத் தட்டினால் மரம் பாடும், கூடவே பட்டு ர்ர்ர் என்று கரகரக்கும். அந்தக் கரகரப்பில்தான் ஊர்க்காரர்களுக்கு உயிர்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாக வரும் வாத்தியத்துக்கு மூன்று விருந்து அவகாசம். மூன்றிலும் ஒரு காலாவது ஆடவில்லையென்றால் அது வாத்தியம் இல்லை, விறகு.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பிய லாசினா, தோளில் ஒரு கித்தாரைக் கொண்டுவந்தான். பளபளவென்று இருந்தது. வந்த அன்றே பலாஃபோனைப் பார்த்து, "அண்ணே, தொண்டையில சளியா?" என்று கேட்டது.

"ஆமா தம்பி, பரம்பரைச் சளி" என்றது பலாஃபோன்.

முதல் விருந்து ஒரு கல்யாணம். கித்தார் கழுவித் துடைத்த குரலில் பாடியது. எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். மரியாதையாகக் கேட்டதுதான் கோளாறு, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது, ஒரு பெயர்சூட்டு விழா. கித்தார் இரண்டு மடங்கு சத்தமாகப் பாடியது. ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதை ஆட்டத்தில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆள் குடியிருக்காத வீடு மாதிரி இருக்கு" என்றாள் ஜெனேபா. லாசினாவின் மனைவி; ஊர் விருந்துக்கெல்லாம் அவள்தான் சமையல் தலைமை. விறகும் அவள் பொறுப்பு. பலாஃபோன் வாசிக்கும் சுங்காலோ அவளுடைய தம்பி.

"மாப்பிள்ளை, காய்ஞ்ச மரம்தானே? கடலைக் குழம்பு சீக்கிரம் கொதிச்சிடும்" என்றான் சுங்காலோ.

"சிரி மச்சான், சிரி" என்றான் லாசினா. ஆனால் வீட்டுக்குப் போனதும் கித்தாரை விறகுக் குவியலுக்குத் தள்ளி, சுவரில் உயரமாக மாட்டினான்.

கம்பு அறுப்பு விருந்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மதியம், சுவரில் தொங்கிய கித்தாரிடம் ஒரு சிலந்தி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"தம்பி, குளவி துரத்துது. எனக்கு முட்டையிட நேரம் வந்துடுச்சு. உன் வயித்துல கொஞ்சம் இடம் குடு."

"எத்தனை நாளைக்கு அக்கா?"

"ஒன்பது, பத்து நாள். ஆனா நீ ஒரு தந்தியைக்கூட அசைக்கக் கூடாது. அதிர்ந்தா முட்டையெல்லாம் போயிடும். யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. குளவிக்குக் காது நீளம்."

கித்தார் யோசித்தது. பத்து நாள் வாயடைத்தால் மூன்றாவது விருந்தும் போய்விடும், அப்புறம் அடுப்புதான். இருந்தாலும், இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதனிடம் உதவி என்று எதையும் கேட்ட முதல் ஆள் இந்தச் சிலந்திதான்.

"வாங்க அக்கா" என்றது.

சிலந்தி உள்ளே போய், கித்தாரின் வாயான நடு ஓட்டையை ஒட்டி வெள்ளைப் பட்டு நெய்து, முட்டைகளைப் பொதிந்துவைத்தது. கித்தார் தன் தந்திகளைத் தானே தளர்த்திக்கொண்டது. லாசினா வந்து முறுக்குவான். அவன் அந்தப் பக்கம் போனதும் மறுபடி தளர்ந்துவிடும். "உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டான்.

பேச முடியாதவனுக்குக் கேட்பதைத் தவிர வேறென்ன வேலை? ஒன்பது நாளும் முற்றத்தில் சுங்காலோ பலாஃபோன் வாசித்தான். முதல் மூன்று நாள் கித்தாருக்கு எரிச்சல்தான் வந்தது. நான்காம் நாள், இடது கை ஒரு கதையும் வலது கை வேறொரு கதையும் சொல்வது பிடிபட்டது. ஏழாம் நாள், இரண்டு கதையும் ஓரிடத்தில் கைகுலுக்கிப் பிரிவது கேட்டது. அந்த இடம் வரும்போதெல்லாம், சளி என்று தான் கிண்டலடித்த கரகரப்பு, கூட்டத்தில் நிற்கும் உறவுக்காரர்கள் 'ம்' கொட்டுவதுபோல் இருந்தது. நமக்கு மட்டும் ஒரு 'ம்' இல்லையே என்று நினைத்துக்கொண்டது.

கம்பு அறுப்பு விருந்து வந்தது. ஊரே கூடியிருந்தது. லாசினா கித்தாரை மடியில் வைத்து முறுக்கினான். தளர்ந்தது. மறுபடி முறுக்கினான். மறுபடியும் தளர்ந்தது.

"மாப்பிள்ளை, துணி காயப்போடலாம் அதுல!" என்று கத்தினான் சுங்காலோ. கூட்டம் சிரித்தது. லாசினாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜெனேபா அகப்பையோடு வந்தாள். "குடுங்க. வழக்கம் வழக்கம்தான்" என்று கித்தாரை வாங்கி, அடுப்புக் கல்லுக்கு மேலே ஓங்கினாள். அப்போதும் கித்தார் வாய் திறக்கவில்லை.

அடுப்பின் சூடுதான் முதலில் பேசியது. அந்த இளஞ்சூட்டில் முட்டைகள் பொரிந்தன. கடுகு கடுகாக நூற்றுக்கணக்கான சிலந்திக் குஞ்சுகள் பட்டைக் கிழித்துக்கொண்டு அவள் கை வழியாக ஓடிவந்தன. பின்னாலேயே தாய்ச் சிலந்தி.

ஜெனேபா அப்படியே நின்றாள். "அடப்பாவி! பிள்ளைத்தாச்சியை வச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அடுப்புல வைக்கப் பார்த்தேனே!"

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன், அக்கா" என்றது கித்தார்.

லாசினா கித்தாரைத் திரும்ப வாங்கித் தந்திகளை முறுக்கினான். இந்த முறை நின்றது. கிழிந்த பட்டு இன்னும் வாயோரத்தில் ஒட்டியிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தந்தியில் பட்டதும், ஒன்பது நாள் கேட்டதெல்லாம் வெளியே வந்தது: ஒரு விரல் ஒரு கதை, மற்ற விரல் இன்னொரு கதை, இரண்டும் கைகுலுக்கும் இடத்தில் பட்டு சிலிர்த்து ர்ர்ர் என்றது.

முதலில் ஆடியது ஜெனேபாவின் கால். அகப்பையைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு யார் ஆடவில்லை என்று பார்க்க ஆள் மிஞ்சவில்லை.

"மாப்பிள்ளை, இது என் பாட்டு!" என்றான் சுங்காலோ.

"உன்னோடதுதான் மச்சான். யாரு இல்லேன்னது?"

கித்தார் பலாஃபோன் பக்கம் திரும்பியது. "அண்ணே, சளின்னு சொன்னேனே, மன்னிச்சிடுங்க. நீங்க வாசிச்சதாலதான் நான் பிழைச்சேன்."

"உனக்கும் பிடிச்சிடுச்சுல்ல? அது போதும்" என்றது பலாஃபோன். "பின்னால நிக்காதே, பக்கத்துல வா."

சிலந்தி கித்தாரின் தோளில் ஏறி நின்றது. "இத்தனை பிள்ளைங்களுக்கு நீதான் தாய்மாமன், தம்பி. அந்தப் பட்டை நீயே வச்சுக்க" என்றது.

அன்று முதல்தான் அந்தப் பக்கத்துக் கித்தார்கள், மின்சாரமும் ஒலிபெருக்கியும் வந்து பெரிய நகரத்து மேடைகளில் ஏறிய பிறகும், பலாஃபோன் நடந்த தடத்திலேயே நடக்கின்றன, நடுநடுவே கரகரக்கின்றன, கருவி கெட்டுவிட்டதோ என்று யாராவது சரிசெய்ய வந்தால், வாசிப்பவர் கையை நிறுத்தாமலே சொல்கிறார்: "விடுங்க, உள்ளே ஆள் இருக்கு."