கொக்கி வைத்த பெயர்

கடலோர ஆஸ்பத்திரி ஒன்றில் பிரகாசி என்றொரு பெண், கணினியில் நோயாளிகளின் பெயரைத் தேடிக் கொடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தாள். அன்று லூர்தம்மா டி'குரூஸுக்கு ஆபரேஷன். எந்த மருந்து அவருக்கு ஆகாது என்ற பழைய குறிப்பு கிடைத்தால்தான் மயக்க ஊசி போடமுடியும். பெயரை அடித்தபோதோ, டி-க்கு அடுத்திருந்த கொக்கிக் குறியில் தேடல் நின்றுபோனது.

கணினிப் பிரிவின் தலைவர் வந்தார்.

"அது செல்லாத எழுத்தும்மா. என் புரோகிராம்ல தப்பே வராது. பேரை மாத்திக்கிட்டு வரச் சொல்லு."

"சரிங்க ஐயா. இன்னொண்ணும் அடிச்சிருக்கேன், நீங்களே தட்டிப் பாருங்க."

அதிலும் ஒரு கொக்கி, பின்னால் சில ஆங்கிலச் சொற்கள். அவர் தட்டினார். ஊரார் நோயெல்லாம் திரையில் கொட்டியது. அவர் மறைத்து வைத்திருந்த நோயும் சேர்ந்து.

"இது யார் பேரும்மா?" குரல் இறங்கிப்போனது.

"பேரே இல்லைங்க ஐயா, கட்டளை. பேரையும் கட்டளையையும் ஒண்ணா ஒட்டி அனுப்புறீங்க. கொக்கி வந்தா எது பேர், எது கட்டளைன்னு கணினிக்குத் தெரியல. பேரைத் தனியா அனுப்புங்க, அது வெறும் பேராவே இருக்கும்."

அவர் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினார். குறிப்பு வந்தது, அதைப் பார்த்து டாக்டர்கள் ஊசி மருந்தையும் மாற்றினார்கள். மாதா காப்பாற்றினாள். லூர்தம்மா கொக்கியும் குறையாத பெயரோடு வீடு போய்ச் சேர்ந்தார்.