பேச முடியாதவரின் பொத்தான்

“இந்த இன்டர்ஃபேஸை அழிச்சிடட்டுமா மேடம்? உள்ள ஒரு வரி வேலைகூட இல்ல. வெறும் பேர்தான் இருக்கு.”

கேட்டவர் சேவியர். ஐம்பது வயதில் மென்பொருள் வேலைக்கு மாறி வந்து, மகள் வயதுள்ள நிலோஃபரிடம் பாடம் கேட்கிறார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. நல்ல மனுஷன்.

இருவரும் எழுதிக்கொண்டிருந்தது ஓர் ஆஸ்பத்திரி வார்டுக்கான அழைப்பு மென்பொருள். தொண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள் படுக்கும் வார்டு. கட்டிலில் பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசைக்குத் தெரிய வேண்டும். மறுநாள் காலை நோயாளிகள் வருகிறார்கள்.

“கிளாஸ் புரியுது மேடம். மணிக்குன்னு ஒரு கிளாஸ் எழுதியிருக்கோம். எவ்வளவு சத்தம், எப்படி அடிக்கணும், எல்லாம் அதுக்குள்ள இருக்கு. இன்டர்ஃபேஸ்ல என்ன இருக்கு? எந்தக் கருவியா இருந்தாலும் ‘அழைத்தால் தெரிவி’ன்னு ஒரு நிபந்தனை. அவ்வளவுதான்.”

“ஆஸ்பத்திரியில மணிக்குப் பதிலா விளக்கு கேட்டாங்களே, எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன். ‘அழைத்தால் தெரிவி’ எங்கேன்னு கேட்டு, புரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலர் ஒரே அடம். விளக்கு கிளாஸ்ல அந்தப் பேரை மட்டும் போட்டு உள்ள காலியா விட்டேன். வாயை மூடிக்கிச்சு.”

நிலோஃபர் சிரிக்கவில்லை. அவரை வார்டுக்கு அழைத்துப் போனார். விளக்கை மேசையில் பொருத்தியிருந்தார்கள்.

“படுங்க சார்.”

சேவியர் படுத்தார்.

“உங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகியிருக்கு. பேசக்கூடாது, எழுந்திரிக்கக்கூடாது. ஏதாவது வேணும்னா பொத்தானை அழுத்துங்க.”

திரையை இழுத்துவிட்டுப் போய், நர்ஸ் மேசையில் உட்கார்ந்தார்.

சேவியர் அழுத்தினார். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நடந்து போனார்கள். கூப்பிட வாயெடுத்தவர், பேசக்கூடாது என்பது நினைவு வந்து அடங்கிவிட்டார். விளையாட்டுதான் என்று தெரியும். இருந்தும் பயமாக இருந்தது. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே கிடந்தார்.

வெகுநேரம் கழித்துத் திரை விலகியது.

“விளக்கு எரியவே இல்லையா மேடம்?” படுத்தபடியே கேட்டார்.

“இல்ல சார். பேர் இருக்கு, உள்ள வேலை இல்லையே.” நிலோஃபர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பொத்தானிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டார். “படுத்திருந்தப்ப எதை நினைச்சீங்க? மணியவா, விளக்கவா?”

“ரெண்டும் ஞாபகத்துலயே இல்ல மேடம். கூப்பிட்டா யாராவது வந்தா போதும்னு இருந்துச்சு.”

“அந்த வாக்குத்தான் சார் இன்டர்ஃபேஸ். அதைத்தான் அழிக்கட்டுமான்னு கேட்டீங்க.”